தவளை ஏன் கத்துகிறது?



"தவளை தன் வாயால் கெடும்" என்னும் பழமொழியை நாம் வகுப்பில் எதற்குப் பயன்படுத்துகிறோம்? பெரும்பாலும் பிள்ளைகளின் வாயை அடக்குவதற்கே. தவளை கெடுவது தெரிந்தும் ஏன் கத்துகிறது என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டால், மழைக்காகக் கத்துகிறது என்று கூறி அவனை அமர்த்திவிடுகிறோம். அது சரியான விடையன்று.

கத்துவது ஆண் தவளை. பெண் துணையை அழைக்கவே கத்துகிறது. பழமொழி கூறும் ஆபத்தும் மெய்யே. பனாமா நாட்டின் துங்காரா தவளைகளைத் தவளையுண்ணும் வௌவால்கள் குரலைக் கேட்டே தேடிப் பிடிப்பதை மெர்லின் டட்டில், மைக்கேல் ரயன் ஆகிய இருவரும் 1981இல் வெளியிட்டனர். அத்தவளையின் அழைப்பில் 'சக்' என்றொரு கூடுதல் ஒலி உண்டு. பெண்ணுக்கு அது மிகவும் பிடிக்கும், வௌவாலுக்கும் பிடிக்கும்! தனித்திருக்கும் ஆண் பெரும்பாலும் அவ்வொலியைத் தவிர்க்கும். போட்டிக்கு வேறு ஆண்கள் வந்தால் துணிந்து சேர்க்கும். வாய் திறவாத தவளை பிழைத்திருக்கலாம். அதற்குப் பிள்ளைகள் இரா.

பினாங்கில் இதனைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கனமழை பெய்த இரவில் தண்ணீர்மலைப் பக்கமோ வீட்டுப் பின்புறக் கால்வாயோரமோ நின்றாலே குரல் கேட்கும். நம் மரத்தவளையில், ஆணை முதுகில் சுமந்தவாறே பெண் ஒரு திரவத்தைச் சுரந்து, பின்னங்கால்களால் அதனை நுரையாக அடிக்கிறது. அந்நுரைக்குள் இடும் முட்டைகளின்மேல் ஆண் விந்தைச் சேர்க்கிறது. நீருக்கு மேலே ஒட்டியிருக்கும் நுரைக்கூட்டிலிருந்து சில நாளில் தலைப்பிரட்டைகள் கீழே விழுந்து நீந்துகின்றன.

கத்தாமலே துணை தேடும் உறவினரும் தவளைக்கு உண்டு. நியூட் என்பது பல்லி போன்ற உருவமுடைய, ஈரத்தோல் கொண்ட நீர்நில வாழ்வி. மலேசியாவில் இல்லை, இந்தியாவில் டார்ஜிலிங் மலைப்பகுதியில் ஓர் இனம் உள்ளது. ஐரோப்பியக் குளங்களில் வாழும் ஆண் நியூட்டிற்கு வசந்தகாலத்தில் முதுகில் சீப்புப் போன்ற முகடு வளர்கிறது. அது பெண்ணின் முன் நின்று வாலை விசிறி, தன் மணத்தை நீரில் அனுப்புகிறது. பெண் பின்தொடர்ந்தால், விந்துப் பொதியொன்றைக் குளத்தின் அடியில் வைக்கிறது. பெண்ணே வந்து அதனைத் தன் உடலுக்குள் எடுத்துக்கொள்கிறது. இதில் அணைப்பே இல்லை. இணங்காத பெண் விலகிச் செல்கிறது, அவ்வளவுதான்.

இவற்றைப் பிள்ளைகளிடம் கூற நாம் ஏன் கூச வேண்டும்? இலக்கண வகுப்பில் புணர்ச்சி விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லும் நாமே, அறிவியல் வகுப்பில் அச்சொல்லைக் கண்டு தடுமாறுகிறோம்! நாம் கூறாததைக் கைப்பேசி கூறிவிடும். அது எவ்வாறு கூறும் என்பதைப் பெற்றோர் அறிவர்.

அடுத்த பெருமழை ஓய்ந்ததும் கைவிளக்கொன்றுடன் பிள்ளையை வெளியே அழைத்துச் செல்லுங்கள். நுரைக்கூட்டைக் கண்டால் தொட வேண்டா. "ஏன் அப்பா ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது?" என்று கேட்டால், உள்ளதை உள்ளபடியே கூறுங்கள்.