கணினிப் பக்கம்: அழுத்தியும் பதியாத பொத்தான்

சிறுசேமிப்புக் குழுவின் கணக்கைப் பைதன் மொழியில், டிகேஇன்டர் கருவியைக் கொண்டு எழுதிப் பழகும் சகோதரிகளுக்கு வழக்கமாக வரும் தடங்கல் இது. 'சேமி' பொத்தானை அழுத்தினால் எதுவும் பதிவதில்லை. ஆனால் சாளரம் திறந்தவுடனேயே வெற்று வரி ஒன்று பதிந்துவிடுகிறது.

இது விளங்கக் கொத்மலை சமூக வானொலியை நினைத்துப் பாருங்கள். 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியுடன் அங்கு இணையத் திட்டம் தொடங்கியது. நேயர்கள் கேட்டதை அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி வானலையில் சொன்னார்கள். கேள்வி வந்தால்தான் பதில். பொத்தானும் அப்படியே, அழுத்திய பிறகுதான் வேலை நடக்க வேண்டும்.

கோளாறு அடைப்புக்குறியில் இருக்கிறது. கமாண்ட் என்ற இடத்தில் 'சேமி()' என எழுதினால், பைதன் அந்த வேலையை அப்போதே செய்துவிடும். பொத்தானுக்கு ஒன்றும் மிஞ்சாது. 'சேமி' என்று பெயரை மட்டும் கொடுங்கள். (பைதன் 3இல் இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.)

என்டர் விசையாலும் பதிய விரும்பினால் பைன்ட் மூலம் இணைக்க வேண்டும். அப்போது எந்த விசை அழுத்தப்பட்டது போன்ற விபரமும் சேர்ந்து வரும். அதை வாங்கிக்கொள்ள, 'சேமி'யை வரையறுக்கும் வரியில் 'சேமி(நிகழ்வு=0)' என இடம் விடுங்கள். விடாவிட்டால் பிழைதான். அந்தப் பிழைச் செய்தி சாளரத்தில் தெரியாது, பின்னால் உள்ள கறுப்புத் திரையில்தான் விழும். சாளரமோ ஒன்றும் நடவாதது போல நிற்கும். பணம் கட்டியவர் வீடு போய்விடுவார். அவருடைய நூறு ரூபாய் கணக்கில் இராது.

ஆகவே கறுப்புத் திரையை மூடாதீர்கள். முதல் சில வாரங்களுக்குக் கொப்பியிலும் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.