கறுக்கும் மருதாணி



பெருநாளுக்கு முந்திய இரவில் மருதாணியிடாத இல்லம் நம்மிடையே அரிது. நம் தாய்மார்கள் இலையைப் பறித்து, அம்மியில் மைய அரைத்து, விடியும்வரை கையில் வைத்திருந்தனர். நாம் கடையில் கோன் வாங்குகின்றோம். வசதிதான், குறை சொல்வதற்கில்லை. ஆயினும், ஒரே மணி நேரத்தில் கன்னங்கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கப்படும் கோனை வாங்குமுன் சற்று நில்லுங்கள்.

மருதாணி இலையிலுள்ள சாயப்பொருளுக்கு லாசோன் என்று பெயர். அது முதலில் ஆரஞ்சு நிறமாகத் தோலைப் பற்றி, ஓரிரு நாட்களில் செம்பழுப்பாக முதிரும். மணி நேரத்தில் கறுக்க அதற்குத் தெரியாது! அக்கறுப்பைத் தருவது பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கப்படும் பாரா பினைலின்டையமின் என்னும் இரசாயனமே. முடியில் பூசும் நிலையில் அது 2 விழுக்காட்டை மீறலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. தோலில் பூசவோ அனுமதியே இல்லை. சோதிக்கப்பட்ட கறுப்பு மருதாணிகள் சிலவற்றில் அது 15 விழுக்காட்டையும் கடந்திருந்தது.

விளைவு என்ன? அரிப்பு, வீக்கம், நீர்க்கொப்புளம். கொடியும் பூவும் எப்படி வரையப்பட்டனவோ, கோடு பிசகாமல் அப்படியே கொப்புளங்கள் எழும். ஆறிய பின் தழும்போ வெளிறிய தடமோ எஞ்சுவதுண்டு. முதன்முறை இடுவோர்க்கு ஒவ்வாமை வெளிப்பட ஒன்றிரண்டு வாரங்களும் ஆகலாம். அதனால் பலர் மருதாணியை ஐயுறுவதே இல்லை.

தழும்பைவிடப் பெரிய கேடு வேறு. ஒருமுறை ஏற்பட்ட ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தொடரும். பத்து வயதில் கையில் இட்ட சித்திரத்தின் வினை, நாற்பதில் நரைக்குச் சாயம் பூசும்போது முகம் வீங்கி, மூச்சுத் திணறலாகவும் வெளிப்படக்கூடும். (தாடிக்குக் கறுப்பு மருதாணித் தூள் வாங்கும் ஆண்களும் உறையிலுள்ள சேர்க்கைப் பொருட்களைப் படித்துக்கொள்ளட்டும்!)

கைக்குழந்தையைப் பொறுத்தவரை தூய மருதாணியிலும் எச்சரிக்கை வேண்டும். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது தோல்வழியே உட்சென்று, இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்த நிகழ்வுகளை வளைகுடா நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். அக்குறைபாடு வெளியே தெரிவதில்லை. பாட்டிமார் ஆசைப்பட்டாலும், பச்சிளம் பிள்ளையின் உள்ளங்காலை விட்டுவிடுங்கள்.

கோன் இட்ட இடத்தில் எரிச்சல் கண்டால் உடனே சோப்பிட்டுக் கழுவுங்கள். கொப்புளம் எழுந்தால் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். அந்தக் கோனையும் அதன் உறையையும் எறிந்துவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.