இசைப் பாடம் உண்டு, ஆசிரியர் எங்கே?

சென்னையிலிருந்து சோலாப்பூர் வழியாகச் செல்லும் ரயில்கள் புணே நகருக்குள் நுழையுமுன் கடக்கும் இடம் கோர்படி. ராணுவக் குடியிருப்புகளும் ரயில்வேயின் டீசல் எஞ்சின் பணிமனையும் சூழ்ந்த பகுதி. பிழைப்புக்காகச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு தலைமுறைகளாக வாழ்கின்றன. பண்டிதர் பீம்சேன் ஜோஷி தமது குருநாதரின் நினைவாக 1953-ல் தொடங்கிய சவாய் கந்தர்வர் இசை விழா நடைபெறுவதும் இதே புணேயில்தான். ஆனால், கோர்படியின் எளிய குடும்பத்துக் குழந்தைக்கு அந்த இசையின் அரிச்சுவடியையேனும் கற்பிக்கும் கடமை யாருக்கு இருக்கிறது?

புணேக்கு இந்தக் கேள்வி புதியதன்று. 1874-ல் அங்கு நிறுவப்பட்ட காயன் சமாஜம் பின்னர் சென்னையிலும் கிளை கண்டது. விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901-ல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கி, குருவின் இல்லத்துக்குள் அடங்கியிருந்த இசையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். அவருடைய மாணவர் விநாயகராவ் பட்வர்தன் 1932-ல் புணேயில் அதே பெயரில் ஒரு பள்ளியை நிறுவினார். இத்தனைக்குப் பிறகும், கட்டணம் செலுத்தித் தனி வகுப்புக்கு அனுப்ப இயலும் பெற்றோரின் பிள்ளைகளுக்கே இசைக் கல்வி எளிதில் வாய்க்கிறது.

தில்லியில் எழுதப்படும் ஆவணங்களில் குறை காண்பது கடினம். 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, கலைக் கல்வியைப் பத்தாம் வகுப்பு வரை பாடமாக்க வலியுறுத்தியது. 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பாடம், பாடத்துக்கு வெளியே என்ற பிரிவினையே வேண்டாம் என்றது. இசையும் இடம்பெற்ற 'க்ருதி' என்னும் ஆறாம் வகுப்புக் கலைப் பாடநூலை 2024-ல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் வெளியிட்டது. பாடநூல் வந்துவிட்டது, சுருதி சேர்த்துப் பாடிக்காட்ட ஆள் வேண்டாமா?

தமிழகத்தின் அனுபவம் இதற்குச் சான்று. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்காக 2012-ல் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். மாத ஊதியம் 5 ஆயிரம் ரூபாய். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. ஊதியம் சிறுகச் சிறுக உயர்ந்ததே தவிர, அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினர். 2021 தேர்தலில் அது வாக்குறுதியாகவும் ஆனது. இசைக்கு அரசுகள் தரும் மதிப்பை அந்த முதல் ஊதியமே சொல்லிவிட்டது.

இசை கற்றால் கணக்கு வரும், மதிப்பெண் கூடும் என்று சொல்லிப் பெற்றோரை இணங்கவைக்க முயல்வோர் உண்டு. அது ஆபத்தான வாதம். மோட்சார்ட்டின் இசையைக் கேட்ட கல்லூரி மாணவர்கள் ஒரு சோதனையில் சற்று நன்றாகச் செய்தனர் என 1993-ல் ஓர் ஆய்வு கூறியது. அதன் பலன் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. ஆயினும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க 1998-ல் நிதி கேட்டார்! கிட்டத்தட்ட 7 ஆயிரம் சிறார் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான மதிப்பீடோ, முறையாக நடத்தப்பட்ட சோதனைகளில் இசைப் பயிற்சியால் அறிவுத்திறனோ மதிப்பெண்ணோ உயர்ந்ததாகத் தெரியவில்லை என்றது. மதிப்பெண்ணைக் காட்டிக் கொண்டுவரப்படும் இசை, மதிப்பெண் வராதபோது முதலில் வெளியேற்றப்படும்.

இசையின் பயன் இசையிலேயே இருக்கிறது. தமிழும் மராத்தியும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமரும் கோர்படி போன்ற இடத்தில், மொழி தெரியாத காரணத்தால் எவரும் பின்தங்காத பாடம் ஸ்வர வரிசை. பிறர் குரலைக் கேட்டுத் தன் குரலைச் சேர்ப்பதும், தாளத்துக்காகக் காத்திருப்பதும் அங்கு அன்றாடப் பயிற்சி.

கேந்திரிய வித்யாலயங்களின் தொடக்க வகுப்புகளுக்கு இசை ஆசிரியர் பணியிடமே உண்டு. ராணுவத்தினர், மத்திய அரசு ஊழியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அங்கு முன்னுரிமை. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, நூறு மாணவர்களுக்கு மேலுள்ள பள்ளிகளில், அதுவும் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கு மட்டும், பகுதிநேரக் கலைப் பயிற்றுநர் ஒருவரைக் கேட்கிறது. அவர் இசை அறிந்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே கோர்படியில் வசிக்கும் தினக்கூலித் தொழிலாளியின் ஏழு வயது மகளுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.