பழங்கணினிக்கு எந்தத் தொகுப்பான்?

பழைய மாணவர் சிலர் தாம் பாவித்து ஓய்ந்த கணினிகளைக் கல்லூரிக்கு மனமுவந்து அளித்து வருகின்றனர். அவை வந்திறங்கிய அன்றே ஒரு வழக்கும் எழுந்துவிடுகின்றது. மாணவன் சீ மொழியில் எழுதும் செய்நிரலைப் பொறிமொழிக்குப் பெயர்க்கும் தொகுப்பானில் எப்பதிப்பை அவற்றில் இடுவது? கணினி பழையதாதலின் தொகுப்பானும் பழையதாகுக என்பர் ஒரு சாரார். புதியதே வேண்டும் என்பர் மறு சாரார். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். சீயும் இலக்கணமுடைய மொழியே. இலக்கணப் பிணக்குத் தீர்ப்பது எமது தொழில்.

முதற்சாரார் போற்றுவது 1987 இல் வெளிவந்த டேர்போ சீ. எத்துணை மெலிந்த கணினியிலும் அது விரைந்து வேலை முடிக்கும். இதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 1 முதல் 255 வரையுள்ள எண்களைக் கூட்டுமாறு மாணவன் எழுதுகிறான். 32,640 எனச் சரியான விடை வருகின்றது. 256 ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். 32,896 வரவேண்டிய இடத்தில் −32,640 என்று திரையில் தோன்றும்! சாதாரண முழுவெண்ணுக்கு அத்தொகுப்பான் 16 பிற்று இடமே ஒதுக்குதலின் 32,767 இற்கு மேற்பட்ட தொகை அதில் அடங்காது. நீண்ட எண்வகையைப் பாவிக்கலாமே என்பர். பாவிக்கலாம், முதல் வாரத்துப் பிள்ளைக்கு அதனை யார் சொல்லியிருப்பார்? மேலும், 64 பிற்று விண்டோஸில் அது நேரே இயங்கமாட்டாது. வீட்டிற் புதுக் கணினியுள்ள மாணவன் என் செய்வான்?

மறுசாரார் காட்டுவது ஜீ.சீ.சீ. தொகுப்பானின் 14 ஆம் பதிப்பு. 2024 இல் வந்தது. முன்னறிவிக்காத சார்பொன்றை அழைத்தால் முன்னைய பதிப்புகள் எச்சரித்து விட்டுவிடும். இதுவோ பிழையெனக் கூறி நிறுத்திவிடும். இக்கண்டிப்பு எமக்கு மிக உவப்பானது. ஆனால் 512 மெகாபைற்று நினைவகமுள்ள கணினியில் அதனை மூலத்திலிருந்து ஆக்கப் புகுந்தால் நாள் கழியும். வேலை முடியுமென்ற உறுதியில்லை.

அக்கணினி தாங்கவல்ல லினக்ஸ் பதிப்போடு கூடவந்த பழைய ஜீ.சீ.சீ. யையே வைத்துக்கொள்க என்பது எம் கருத்து. அங்கே முழுவெண்ணுக்கு 32 பிற்று உண்டு. வழமையான எச்சரிக்கைகளையெல்லாம் காட்டி, அவற்றைப் பிழையாகவே கொள்ளுமாறு பணிக்கும் கட்டளைகளும் அதில் உள. அவற்றை இட்டுவிட்டாற் புதியதன் கண்டிப்பிற் பெரும்பகுதி பழையதிலேயே கிட்டும். இத்தகைய கணினியை இணையத்தோடு தொடுக்காதிருத்தல் நன்று.

கணினி அளிக்கும் அன்பரிடம் ஒன்று வேண்டுகிறோம். உள்ளிருக்கும் நினைவகத்தைக் கழற்றிக்கொள்ளாது அனுப்புக. சென்றமுறை வந்தவற்றுள் இரண்டு அஃதின்றியே வந்தன.