தம்பதிகளின் பிணக்கும் சமரச முயற்சியும்

குடும்ப நியாயஸ்தலங்களை ஸ்தாபிக்க இந்தியப் பார்லிமெண்டு 1984-ம் வருஷத்தில் ஒரு சட்டம் இயற்றிற்று. கூடியவிடத்திலெல்லாம் முதற்கண் தம்பதிகளைச் சமரசப்படுத்த முயல வேண்டுமென்று அதன் 9-வது பிரிவு விதிக்கின்றது. ஆலோசகர்களுக்கு 6-வது பிரிவு இடந்தருகின்றது. வக்கீல் மூலம் வாதாடுவதை உரிமையாகக் கோர முடியாதென்கிறது 13-வது பிரிவு. வக்கீல்களாகிய நமக்கு இது கசப்பாயினும், நோக்கம் நியாயமானதே.

ஆனால் சமரசம் என்பது யாது? "சற்றுப் பொறுத்துப் போ, அம்மா" என்று ஸ்திரீக்கு உபதேசித்து அனுப்புவது சமரசமாகாது. அது பழைய பஞ்சாயத்தே. பிணக்கின் காரணம் ஆராயப்படாமல் ஒரே கூரையின்கீழ் மீண்டும் சேர்க்கப்படுவோர் சில மாதங்களில் அதே வாசற்படியில் வந்து நிற்பர்.

இவ்விஷயம் இன்று ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கின்றது. அமெரிக்காவில் வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் காட்மன் என்பவர், தம்பதிகள் வாதிடுங்கால் அவர்களுடைய பேச்சையும் நாடித்துடிப்பையும் கவனித்து ஆராய்ந்தார். ஓயாத குறைகூறல், இகழ்ச்சி, தன்னையே நியாயப்படுத்தல், பேச மறுத்தல் என்னும் நான்கும் இல்வாழ்க்கையைக் குலைக்கும் என்றும், அவற்றுள் இகழ்ச்சியே கொடிதென்றும் அவர் கண்டார். கானடாவில் 1980-களில் ஸூ ஜான்ஸனும் லெஸ்லி கிரீன்பர்க்கும் வகுத்த முறையோ, கோபத்தின் அடியில் மறைந்து கிடக்கும் அச்சத்தையும் ஏக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லப் பழக்குகின்றது. இழந்த நம்பிக்கை ஒருநாட் சத்தியத்தால் மீளாது. தினந்தோறும் சொன்ன சொல்லைக் காப்பதனால் சிறிது சிறிதாகவே மீளும்.

பரஸ்பர சம்மதத்துடன் பிரிவோர் ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமென்ற ஏற்பாடு 1976-ம் வருஷத் திருத்தத்தில் வந்தது. தக்க வழக்குகளில் நியாயஸ்தலம் அதைத் தளர்த்தலாமென்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அது முற்றிலும் பொருத்தமே. வெறும் காலம் காயத்தை ஆற்றாது; அக்காலத்தில் யாது செய்யப்படுகிறதென்பதே முக்கியம்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். அடியும் உதையும் நிலவும் இல்லத்தில், அடித்தவன் முன்னிலையில் மனம் திறந்து பேசுமாறு மனைவியைக் கேட்பது அநீதி. ஆலோசனையைத் தனித்தனியாகவும் நடத்தலாமென்று 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 14-வது பிரிவு கூறுகின்றது. அத்தகைய வழக்குகளில் அவளுடைய பாதுகாப்பே முதற்கடமை. சமரசம் அதற்குப் பின்னரே.

ஆகவே, தேர்ந்த பயிற்சியுள்ள ஆலோசகர்களைத் தக்க சம்பளத்தில் நிரந்தரமாக நியமிப்பதும், பிறர் செவியில் விழாது பேசத் தனியறை அமைப்பதும், வழக்கு மன்றம் ஏறுமுன்னரே அவ்வுதவி கிட்டச் செய்வதும் சர்க்காரின் கடமையாகும். ஜனங்களும், ஜுரத்திற்கு வைத்தியரிடம் செல்ல வெட்காதது போலவே இதற்கும் வெட்கமின்றிச் செல்ல வேண்டும். சுதந்திரமும் சமத்துவமும் மேடையிற் பேசுவோர் அவற்றை முதலில் தம் இல்லத்தில் நிலைநாட்டக் கடமைப்பட்டவர்கள்.