பகலில் தூங்குகிறவர்களின் கூரை

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கூழ் ஆலைகளுக்கு ஆனி மாதத்தில் பெங்களூரா மாங்காய் வண்டி வண்டியாகப் போகும். 2025இல் விலை சரிந்தபோது அந்த வண்டிகள் ஆலை வாசலில் நாள்கணக்கில் வரிசைகட்டி நின்றன. விவசாயியின் நஷ்டத்தை எல்லோரும் பேசினோம். வெயிலில் வண்டிக்குள்ளேயே சுருண்டு கிடந்த ஓட்டுநர்களின் தூக்கத்தை யாரும் பேசவில்லை.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு வண்டிகளில், மொத்த எடை மூன்றரை டன்னைத் தாண்டினால் கேபினில் ஏசி கட்டாயம். வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் புத்தூர் வழியாகச் சென்னைக்கும் திருப்பதிக்கும் ஓடும் குட்டியானைகளுக்கும் மூடிய வேன்களுக்கும் அது பொருந்தாது. பழைய லாரிகளுக்கும் இல்லை. ஏசி இருந்தாலும் எஞ்சின் ஓடினால்தான் குளிர் வரும். படுக்கிறவரோ எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார். அணைக்கவும் வேண்டும். நிற்கும் வண்டியில் புகை உள்ளே கசிந்தால் உயிரே போய்விடும்.

இரவெல்லாம் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவருக்கு மிஞ்சுவது தகரக் கூரை. சித்திரை நடுவிலும் ஆவணித் தொடக்கத்திலும் புத்தூரில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சியைவிட்டு அதிகம் விலகாது. பக்கச் சுவரைவிடக் கூரைதான் அதிகம் காய்கிறது. கையில் இருக்கும் காசை முதலில் அங்கே செலவிடுங்கள்.

வெளிப்புறம் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது முதல் வேலை. பாதிக்கு மேற்பட்ட வெயில் ஏறும் முன்பே திரும்பிவிடும். உள்ளே என்ன ஒட்டுவது? தெர்மோகோல் மலிவுதான். ஆனால் தீப்பிடித்தால் கரும்புகையோடு எரியும், ஒயர் உறையோடு ஒட்டிக்கிடந்தால் அந்த உறையைக் கெடுக்கும். கண்ணாடிக் கம்பளி வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பயனில்லை. ஏசி குழாய்களுக்குச் சுற்றும் நைட்ரில் ரப்பர் ஷீட் ஈரம் குடிக்காது, கூரை வளைவுக்கு வளைந்து கொடுக்கும். விலை கூடுதல் என்றாலும் தூங்கும் வண்டிக்கு நான் சொல்வது அதைத்தான். வாங்கும்போது தீ பரவாத ரகமா என்று கேளுங்கள்.

ஒட்டும் முன் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். கூரையின் குறுக்குச் சட்டங்களையும் மூட வேண்டும்; சட்டம் திறந்திருந்தால் சூடு அதன் வழியே இறங்கிவிடும். வெள்ளி ஃபாயில் ஒட்டுகிறவர்கள் அதன் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி விட வேண்டும். இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கினால் ஃபாயில் வேலை செய்யாது.

கூரையை மூடியதோடு வேலை முடியாது. தூங்கும் மனித உடல் எழுபது, எண்பது வாட் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது, மூச்சில் ஈரமும் சேர்கிறது. கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வழி வையுங்கள். மேலே பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி ஒன்று போதும்.

வண்டி வாங்கித் தரும் முதலாளிகளே, பாடி கட்டும் பட்டறைக்காரர்களே, இந்தச் செலவு ஓட்டுநரின் தலையில் விழக்கூடாது. தூக்கம் கெட்ட கண்ணோடு அவர் ஓட்டும் சாலையில்தான் நம் பிள்ளைகளும் போகிறார்கள். ஏசியைக் கட்டாயமாக்கிய அரசு, சிறு வண்டிகளின் கூரைக்கும் ஒரு விதி எழுத வேண்டும்.