ஆண்களையும் தேடி வருமா மருத்துவம்?

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது மனதார மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தபோதும் கைதட்டினேன். பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன; அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆகவே, இம்மடலைக் குறைசொல்லியின் புலம்பல் என்று தாங்கள் ஒதுக்கிவிட மாட்டீர்கள் என நம்புகிறேன்.

முப்பது வயது கடந்தோருக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை என்பது அரசு தந்த வாக்கு. பட்டியலில் இருப்பவை வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று. ஆக, ஆண்மகனுக்கு வாயைத் திறந்து காட்டுவதோடு பரிசோதனை முடிந்தது. சென்னை போன்ற பெருநகரங்களில் ஆண்களைத் தாக்கும் முக்கியப் புற்றுநோய்களில் புரோஸ்டேட்டும் ஒன்று என்பது தங்கள் துறை அறியாததல்ல. பட்டியல் டெல்லியில் வகுத்தது என்று தாங்கள் அருளலாம். டெல்லி எழுதியதைக் கோட்டை அப்படியே ஏற்றுக்கொள்ளும் நல்வழக்கம் எப்போது வந்தது என்றுதான் விளங்கவில்லை.

இரவில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்து போகும் பெரியவர், வாசலில் பிரஷர் பார்க்க வரும் பெண் தன்னார்வலரிடம் "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றே சொல்வார். பெரும்பாலும் அது வயதில் வரும் சாதாரண புரோஸ்டேட் வீக்கம்தான். புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. இடுப்பு வலி என்று அவர் வந்து நிற்கையில் எலும்புவரை போயிருக்கக்கூடும். வெட்கப்படாமல் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். "எங்கே போய்க் கேட்பது?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். அதைத்தான் தங்களிடம் அனுப்பிவைக்கிறேன்.

புரோஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை நம்பத்தகுந்ததல்ல என்று அதிகாரிகள் கோப்பில் குறிப்பெழுதக்கூடும். நியாயம்தான். சாதாரண வீக்கத்திலும் தொற்றிலும்கூட அந்த அளவு ஏறும். ஆபத்தில்லாத கட்டியையும் காட்டிக்கொடுத்து வேண்டாத சிகிச்சைக்கு இழுத்துவிடும். ஆனால் ஐரோப்பாவில் 23 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2025-இல் வெளியான ஆய்வில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்நோயால் நேரும் மரணம் 13 சதவீதம் குறைந்திருந்தது. ஓர் உயிரைக் காக்க 456 பேரை அழைக்க வேண்டியிருந்தது. அங்கே இந்நோய் நம்மைவிட அதிகம் என்பதும் உண்மை. இந்த நன்மை தீமை இரண்டையும் ஐம்பது வயதுக்காரரிடமும், தகப்பனுக்கோ அண்ணனுக்கோ வந்திருந்தால் நாற்பத்தைந்திலேயே அவரிடமும் சொல்லி, முடிவை அவரிடம் விடலாமே? தனியார் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்'பில் காசு கட்டுபவருக்குப் பயன்படும் சோதனை, அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவருக்கு மட்டும் நம்பத்தகாததாகிவிடும் விந்தையைத் தாங்களே விளக்கியருள வேண்டும்.

வீடுவீடாக ரத்தம் எடுக்கச் சொல்லவில்லை. தாலுகா மருத்துவமனைதோறும் ஆண்களிடம் இதைப் பேச ஒரு மருத்துவர், விரும்புவோருக்குக் கட்டணமில்லாப் பரிசோதனை, அளவு கூடியிருந்தால் எம்.ஆர்.ஐ.க்கும் சிறுநீரியல் மருத்துவருக்கும் தேதி குறித்த பரிந்துரைச் சீட்டு, இவ்வளவே வேண்டுவது.

தங்கள் பணிச்சுமை அறிவேன். "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலையும் நெடுநாளாக அறிவேன். அதற்கும் மரியாதையோடு நன்றி சொல்லிப் பழகியவன்தான். இம்முறை, எந்த மாதம் முதல் என்று எழுதி வரும் பதிலுக்கு மட்டும் நன்றி சொல்வதாக உத்தேசம்.

இப்படிக்கு,
தங்கள் நலத்தையும் ஆண்கள் நலத்தையும் நாடும் ஒரு குடிமகன்